ரைஸ் என்றால் நெல்லா, அரிசியா, சோறா?

நான் எடுக்கும் மாலை ஆங்கில வகுப்பில் அன்று கொடுத்த பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. உங்கள் ஒருநாள் பொழுதை ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுங்கள் என்றேன். சீனாவின் ஹுனான் மாகாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இங்கே ஒரு சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘காலை ஆறு மணிக்கு ரைஸ் சமைக்கிறேன். பிள்ளை ரைஸ் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் எல்லோரும் ரைஸ் சாப்பிடுவோம். எனக்கு நூடுல்ஸ்தான் பிடிக்கும்.’

காலையில் என்ன ரைஸ் அக்கா என்று கேட்டேன். ‘ரொட்டி, முட்டை’ என்றார்.

அவர் மனசில் ஓடியது ‘ஃபான்’ என்ற சீனச் சொல். வெந்த சோற்றுக்கு ஃபான் என்று பெயர். ஆனால் அந்தச் சொல் சோற்றோடு நிற்பதில்லை. ஒருவேளைச் சாப்பாடு எதுவானாலும் அது ஃபான்தான். காலைச் சாப்பாடு ‘ஸாவ்ஃபான்’, மதியம் ‘ஊஃபான்’, இரவு ‘வான்ஃபான்’. சாப்பிடுவது ‘ச்சிஃபான்’. இதில் ‘ச்சி’ மட்டுமே சாப்பிடு என்ற வினை. எதைச் சாப்பிட்டோம் என்று குறிப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது அந்த இடத்தைப் பெரும்பாலும் காலியாக விடமாட்டார்கள். ஃபானைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். ரொட்டி தின்றாலும் ச்சிஃபான், நூடுல்ஸ் தின்றாலும் ச்சிஃபான். அகராதியைப் புரட்டினால் ஃபானுக்கு நேரே ரைஸ் என்று போட்டிருக்கும். அக்கா அதை நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

நாம் சிரிக்க வேண்டியதில்லை. ‘சோறு தின்னாச்சா?’ என்று கேட்கும் கிராமத்துப் பாட்டிக்குத் தட்டில் களி இருந்ததா கூழ் இருந்ததா என்பது கணக்கே இல்லை. ‘அந்த ஆபீஸ்தான் நமக்குச் சோறு போடுது’ என்கிறோம். ராத்திரிக்கு என்ன என்று சர்க்கரை வியாதிக்காரரைக் கேட்டால் ‘கோதுமைதான்’ என்பார். அவர் சொல்வது சப்பாத்தியை.

அக்காவுக்கு நான் முதலில் சொன்ன திருத்தம் சின்னது. சாப்பாட்டு வேளையைச் சொல்லும்போது ரைஸ் என்ற சொல்லைக் கையிலெடுக்கவே வேண்டாம். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் இருக்கின்றன. பொதுவாக ஒருவேளை உணவு என்றால் மீல். ஈட், குக் என்ற வினைகள் ஆங்கிலத்தில் துணையில்லாமல் தனியே நிற்கும். ‘ஹாவ் யூ ஈட்டன்?’ என்றால் போதும், ‘ரைஸ்’ வேண்டாம். ‘ஐ குக் அட் சிக்ஸ்’ என்றாலும் சரி, ‘ஐ மேக் பிரேக்ஃபாஸ்ட்’ என்றாலும் சரி. ‘ஐ குக் ரைஸ்’ என்று சொன்னால் அடுப்பில் உலை கொதிப்பதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும்.

அடுத்த வகுப்புக்கு மூன்று சின்னத் தட்டு எடுத்துப் போனேன். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய நெற்கதிர் பூஜை அறையில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பிடி உருவி முதல் தட்டில் போட்டேன். இரண்டாவதில் அரிசி. மூன்றாவதில் மதியம் மிஞ்சிய சோறு இரண்டு கரண்டி. ஒவ்வொன்றுக்கும் உங்கள் மொழியில் என்ன பேர் என்று கேட்டேன்.

அக்கா முதல் தட்டைத் தொட்டு ‘தாவ்’ என்றார். இரண்டாவது ‘மி’. மூன்றாவது ‘ஃபான்’. யோசிக்கவே இல்லை. நான் அதே வரிசையில் நெல், அரிசி, சோறு என்றேன். வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம்: பாடி, பெராஸ், நாசி. அந்தக் கடைசிச் சொல் சிங்கப்பூரில் இருப்பவர் யாருக்கும் தெரியும், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் பெயரில் வருவது. பிறகு பலகையில் மூன்று தட்டுக்கும் ஆங்கிலப் பெயர் எழுதினேன். ரைஸ். ரைஸ். ரைஸ்.

‘லாவ்ஷி, இவ்வளவு சோம்பேறி மொழியா இங்கிலீஷ்?’ என்று கேட்டார் அக்கா. லாவ்ஷி என்றால் வாத்தியார்.

சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பயிர் இங்கிலாந்து மண்ணுக்கு உரியதில்லை. அவர்கள் விதைத்து அறுத்து அரைத்துச் சுட்டது கோதுமை. அதனால் கோதுமைக்கு வீட், மாவுக்கு ஃப்ளவர், ரொட்டிக்கு பிரெட் என்று அங்கே தனித்தனிச் சொல் உண்டு. நெல் அவர்களுக்குக் கப்பலில் மூட்டையாக வந்த சரக்கு. சொல்லும் அப்படியே வந்தது: பழைய பிரெஞ்சு, இத்தாலியம், லத்தீன், அதற்கும் முன்னே கிரேக்கத்தின் ‘ஒரூஸா’. இதுவரை தகராறு இல்லை. கிரேக்கனுக்கு அதை யார் கொடுத்தார் என்பதில்தான் வழக்கு. நம் அரிசியே போனது என்று ஒரு கட்சி, ஈரானிய மொழி வழியாகப் போனது என்று இன்னொரு கட்சி. ‘உலகுக்கு அரிசி என்ற சொல்லைக் கொடுத்தவன் தமிழன்’ என்று அடித்துச் சொல்லும் வாட்ஸப் செய்திகளை நான் அனுப்புவதில்லை.

சரி, மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட மொழியில் எது எதுவென்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ரைஸ் என்ற சொல்லை உற்றுப் பார்த்தால் தெரியாது. அதன் பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும். பிளான்ட், குரோ, ஹார்வெஸ்ட் என்று விதைப்பும் அறுப்பும் வந்தால் நெல், சீனத்தில் தாவ். பை, வாஷ், சோக் என்று வாங்குவதும் கழுவுவதும் ஊறவைப்பதும் வந்தால் அரிசி, அதாவது மி. ஈட், சர்வ் வந்தால் சோறு, ஃபான். குக் மட்டும் நடுவாசலில் நிற்கிறது. உள்ளே போவது மி, வெளியே வருவது ஃபான். சீனத்தில் ‘ஜூ ஃபான்’ என்று வருவதற்குப் பெயர் சொல்கிறார்கள். நாமும் ‘சோறு ஆக்கினேன்’ என்றுதான் சொல்கிறோம், யாரும் ‘அரிசி ஆக்கினேன்’ என்பதில்லை.

ஃப்ரைட் ரைஸை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். சீனத்தில் அது ‘ச்சாவ்ஃபான்’, வறுத்த சோறு. பேரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது: முதலில் வடி, ஆறவை, பிறகு வாணலியில் போடு. ஆங்கிலப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு முதல்முறை செய்கிறவர் பச்சை அரிசியை எண்ணெயில் கொட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்திரிகை படிக்கும்போது இந்த வினைப் பாடம் இன்னும் கை கொடுக்கும். ஹுனானின் சாங்ஷா நகரில் வாழ்ந்து 2021-ல் மறைந்த நெல் விஞ்ஞானி யுவான் லோங்பிங்கை ஆங்கிலத்தில் ‘ஹைபிரிட் ரைஸின் தந்தை’ என்பார்கள். சீனத்தில் அவர் ‘ஸாஜியாவ் ஷுய்தாவ்’ தந்தை. ஸாஜியாவ் என்றால் கலப்பினம், ஷுய்தாவ் என்றால் தண்ணீர் கட்டி விளைவிக்கும் நெல். அங்கே ‘மி’ என்று போட்டால் எந்தச் சீனரும் சிரித்துவிடுவார், நாம் ‘அரிசி ஜெயராமன்’ என்று சொன்னால் சிரிப்பதைப் போல. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவரை நாம் நெல் ஜெயராமன் என்றுதானே அழைத்தோம். 1960-ல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது வெறும் ரைஸ். தமிழ்ப் பத்திரிகை அதை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் என்று எழுதுகிறது, சீனப் பத்திரிகை ஷுய்தாவ் என்று எழுதுகிறது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கிருந்து 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8 ரகத்தையும் நம் விவசாயிகள் நெல் என்றே அறிவார்கள்.

அக்காவுக்கு யுவான் லோங்பிங் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த பத்து நிமிஷம் பாடம் நடக்கவில்லை.

அடுத்து எண்ணிக்கை. இங்கேதான் சீன மாணவர்கள் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், காரணம் நியாயமானது. அவர்கள் மொழியில் ஒருமை பன்மைக்குப் பெயர்ச்சொல் உருமாறுவதில்லை. ஒன்றோ நூறோ, மி என்றால் மி. எண்ண வேண்டுமென்றால் நடுவில் ஓர் அளவுச் சொல் வைப்பார்கள். ‘ஈ லி மி’, ஒரு மணி அரிசி. ‘ஈ வான் ஃபான்’, ஒரு கிண்ணம் சோறு. ‘ஈ ஜின் மி’, அரைக் கிலோ அரிசி. புத்தகத்துக்கு ஓர் அளவுச் சொல், மேசைக்கு வேறொன்று, குதிரைக்கு இன்னொன்று என்று எல்லாவற்றுக்கும் உண்டு.

ஆங்கிலம் புத்தகத்தையும் மேசையையும் நேராக எண்ணிவிடும். ரைஸை எண்ணாது. தண்ணீர், மணல் போலப் பாவிக்கும். ‘எ ரைஸ்’ கிடையாது, ‘மெனி ரைஸ்’ கிடையாது, ‘ரைஸ் ஆர்’ கிடையாது. ரைஸ் இஸ், மச் ரைஸ், சம் ரைஸ், எ லிட்டில் ரைஸ். எண்ணியே ஆகவேண்டும் என்றால் எ கிரெய்ன் ஆஃப் ரைஸ், டூ போல்ஸ் ஆஃப் ரைஸ். சீனர்களிடம் இதைச் சொல்ல ஒரு குறுக்கு வழி உண்டு: ‘உங்கள் அளவுச் சொல் பழக்கத்தை விடாதீர்கள், ரைஸுக்கு அது அப்படியே வேண்டும்’ என்று சொன்னால் போதும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். நடுவில் ‘ஆஃப்’ வரவேண்டும்; ‘ஒன் போல் ரைஸ்’ என்று எழுதுவது சீனத்தின் நிழல், ஒரு கிண்ணம் சோறு என்ற தமிழின் நிழலும்கூட. இன்னொன்று, கிண்ணம் இரண்டானால் கிண்ணத்துக்குப் பன்மை விகுதி சேரும், ரைஸ் அப்படியே இருக்கும்.

நம்மைவிட அவர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். ‘துவோஷாவ்’ என்ற கேள்விச் சொல் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் அங்கே ஓடுகிறது. நமக்கு எவ்வளவு, எத்தனை என்று இரண்டு இருக்கின்றன. எவ்வளவு அரிசி, எத்தனை கிண்ணம். ஹவ் மச், ஹவ் மெனி வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். சீன மாணவருக்கு நூறு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் அக்கா மகனையும் வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தார். டப்பாவில் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு நின்ற பையனின் கன்னத்தைக் காட்டி, என்னிடம் பெருமையாக ஆங்கிலத்தில் சொன்னார்: ‘தேர் இஸ் எ ரைஸ் ஆன் ஹிஸ் ஃபேஸ்.’ ஒரே ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பருக்கை! தமிழில் வெந்த மணிக்குத் தனிப் பெயர். சீனத்திலும் ‘ஃபான்லி’ என்றால் சோற்று மணி, ‘மிலி’ என்றால் அரிசி மணி. ஆங்கிலத்தில் இரண்டும் கிரெய்ன் ஆஃப் ரைஸ். ஒட்டியிருந்தது ஒன்றாகவே இருந்தாலும் ‘சம் ரைஸ்’ என்று சொல்லிவிட்டால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது, ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற நம் பழமொழியில் சோற்றை நாம் எண்ணிவிடுகிறோம். ஒரு சோறு. அக்காவின் ‘எ ரைஸ்’ அப்படியே அதன் மொழிபெயர்ப்பு.

எண்ணலாம் என்ற விதிவிலக்கும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது ‘டூ ஃப்ரைட் ரைஸஸ்’ என்பார்கள், எண்ணப்படுவது தட்டு. சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரில் விகுதியும் போய்விடும், ‘டூ சிக்கன் ரைஸ்’தான். பாஸ்மதி, மல்லிகை அரிசி என்று வகைகளைச் சேர்த்துப் பேசும் சமையல் புத்தகத்திலும் ரைஸஸ் தலைகாட்டும். தொடக்க மாணவருக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். தேர்வுத்தாளில் எழுதி வைத்தால் மதிப்பெண் போகும்.

மி என்ற சொல்லிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. உங்களில் பாதிப் பேர் பையில் ஒரு மி இருக்கலாம். ஷியாவ்மி, அந்தக் கைப்பேசி நிறுவனத்தின் பெயர். ஷியாவ் என்றால் சிறிய. எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்தால் ‘சின்ன அரிசி’ வரும், சரியான பொருள் தினை. 2010-ல் நிறுவனம் தொடங்கிய நாளில் கூட்டாளிகள் சேர்ந்து தினைக் கஞ்சி குடித்தார்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் கதை. சோளத்துக்கு, அதாவது மக்காச்சோளத்துக்கு, ‘யூமி’ என்று பெயர். எழுத்துப்படி பச்சைமாணிக்க அரிசி என்று கொள்ளலாம். ஓடு நீக்கிய நிலக்கடலைப் பருப்புகூட ‘ஹுவாஷெங்மி’. ஆக மி என்பது நெல்லின் அரிசி மட்டுமில்லை, உமியோ ஓடோ போன பிறகு உள்ளே இருக்கும் மணி. அரிசியும் அப்படித்தானே! வரகரிசி, சாமையரிசி, மூங்கிலரிசி, ஏலக்காய்க்குள் இருக்கும் ஏலரிசி, மரவள்ளியிலிருந்து வரும் ஜவ்வரிசிகூட. இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. ஆங்கிலம் இந்த விளையாட்டுக்கு வராது. தினை மில்லட், மக்காச்சோளம் கார்ன் அல்லது மெய்ஸ், நிலக்கடலை பீநட். எதிலும் ரைஸ் இல்லை. ‘ஸ்மால் ரைஸ்’ கஞ்சி என்று மாணவர் எழுதினால் அது மில்லட் என்று சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போங்கள்.

இன்னொரு தமாஷ், மீட்டருக்கும் சீனத்தில் மி என்றே பெயர். நூறு மீட்டர் ஓட்டம் ‘ஈபாய் மி’. இது பிரெஞ்சு மீட்டரின் ஒலியை ஒட்டி வந்த தற்செயல், அரிசிக்குச் சம்பந்தமில்லை.

அடைமொழிகள் வரும்போது பள்ளம் ஆழமாகிறது. நம் கைக்குத்தல் அரிசி போல, உமி மட்டும் நீக்கித் தவிடு போகாத அரிசியைச் சீனத்தில் ‘ட்ஸாவ்மி’ என்பார்கள். ட்ஸாவ் என்றால் கரடுமுரடான. அகராதி துணையோடு மாணவர் அதை ‘ரஃப் ரைஸ்’ என்று எழுதிவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில வணிகத்தில் ரஃப் ரைஸ் என்றால் உமியோடு இருக்கும் நெல். சிகாகோ சரக்குச் சந்தையில் முன்பேரம் நடப்பது அந்தப் பெயரில்தான். தவிட்டரிசிக்கு ஆங்கிலத்தில் பிரவுன் ரைஸ். கடையில் ரஃப் ரைஸ் கேட்டவருக்கு யாரும் நெல் மூட்டை கொடுத்துவிடப் போவதில்லை என்றாலும், ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாணவர் ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் விலையே மாறிவிடும்.

நெல்லுக்கு என்று ஆங்கிலத்தில் ‘பேடி’ இருக்கிறதே என்பீர்கள். மலாய் ‘பாடி’ போய் அப்படி ஆனது. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் அதை நெல் என்ற பொருளில் தாராளமாகப் புழங்குகிறோம். லண்டனிலோ நியூயார்க்கிலோ பேடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர் நிற்கும் வயல். சீன மாணவர் நம் ஊர்ச் செய்தித்தாளையும் படிப்பார், அமெரிக்க நாவலையும் படிப்பார். இரண்டு பொருளையும் சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது.

‘வைல்ட் ரைஸ்’ இன்னும் மோசம். அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் நீளக் கறுப்பு மணி நெல்லே இல்லை, ஏரிகளில் வளரும் வேறொரு புல். அதன் ஆசிய உறவு சீனர்களுக்கு நன்றாகத் தெரியும்: சந்தையில் ‘ஜியாவ்பாய்’ என்று தண்டாக விற்கும் காய்கறி. ஒரு பூஞ்சை தாக்கித் தண்டு பருத்துப்போவதால்தான் அது காயாகிறது. மறுபக்கம், யுவான் லோங்பிங்கின் குழு 1970-ல் ஹைனான் தீவில் கண்டெடுத்த மலட்டு நெற்செடி, கலப்பின நெல்லுக்கே வழிதிறந்தது, அதுவும் ஆங்கிலக் கட்டுரைகளில் வைல்ட் ரைஸ் என்றே வரும். அது உண்மையான காட்டு நெல். சீனத்தில் ‘யெஷெங்தாவ்’ என்று தெளிவாக இருக்கும் சொல் ஆங்கிலத்தில் போனதும் அமெரிக்கக் கறுப்பு மணியோடு கலந்துவிடுகிறது.

ரைஸ் பேப்பருக்கும் ஒரு வார்த்தை. சீன ஓவியர்கள் தூரிகை ஓட்டும் ‘ஷுவான்’ காகிதத்தை ஆங்கிலேயர் அப்படி அழைக்கிறார்கள். அரிசியில் செய்ததில்லை, ஒரு மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்ந்தது. வியட்நாம் கடையில் அதே பெயரில் கிடைப்பது அரிசி மாவில் செய்தது, தின்னலாம். ஸ்டிக்கி ரைஸ், ரைஸ் நூடுல்ஸ் எல்லாம் பெயர் சொன்னபடியே இருப்பவை, அவற்றால் தொந்தரவில்லை.

கஞ்சியிடம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம். சீனத்தில் கஞ்சி ‘ஜோவ்’. மாணவர்கள் அதை ‘பாரிட்ஜ்’ என்று கற்று வருகிறார்கள். சிங்கப்பூரில் அது செல்லும். இங்கிலாந்துக்காரரிடம் காலையில் பாரிட்ஜ் குடித்தேன் என்றால் பாலில் வெந்த ஓட்ஸ்தான் அவர் மனசில் வரும். ஹாங்காங்கில் கடைப் பலகைகளில் வேறொரு ஆங்கிலச் சொல் இருக்கும்: ‘காஞ்ஜி’. அக்கா அதைப் படித்துவிட்டு, கான்டனீஸ் சொல்லை இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். கான்டனீஸில் அது ‘ஜுக்’. காஞ்ஜி எங்கிருந்து வந்தது என்று கைப்பேசியில் ஆங்கில அகராதியைத் திறந்து காட்டினேன். தமிழ் என்று இருந்தது. ‘அப்போ நான் இவ்வளவு நாளா உங்க பாஷை பேசிட்டிருக்கேனா?’ என்றார்.

உச்சரிப்பு பற்றி ஒன்றிரண்டு. சீனப் பொதுமொழியில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் ந் அல்லது ங். பெய்ஜிங் பேச்சில் கூடவே ஓர் ர். ஸ் என்று முடியும் அசை கிடையாது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கண்டலீசா ரைஸின் பெயரைச் சீனச் செய்திகள் ‘லைஸு’ என்றுதான் எழுதின. அந்தக் குடும்பப் பெயருக்கும் அரிசிக்கும் உறவில்லை, ஆனால் சீனக் காது அந்த ஒலியை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கடைசியில் ஒரு குட்டி உயிர் ஒட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் ஸ் உதிர்ந்து ‘ரை’ மட்டும் மிஞ்சுகிறது. நமக்கும் இந்த வியாதி உண்டு: பஸ்ஸு, எக் ரைஸு. குக்கர் விசில் அடிப்பதற்கு முன் ஆவி கசியுமே, அந்த ஓசையோடு சொல்லை முடித்து வாயை மூடச் சொல்கிறேன். பலன் இருக்கிறது. ரைஸ் என்ற இன்னொரு சொல், உயர்வது, அதில் கடைசி ஒலி வண்டு போல அதிரும், நடு உயிரும் சற்று நீளும்.

ர, ல குழப்பம் கான்டனீஸ் பேசுகிறவர்களுக்கு அதிகம், அவர்கள் மொழியில் ர இல்லை. ரைஸ் ‘லைஸ்’ ஆனால் பேன் என்று பொருள். அதை வைத்துச் சீனர்களைக் கேலி செய்யும் பழக்கம் மேற்கில் நெடுங்காலமாக இருக்கிறது. வகுப்பில் அந்த ஜோக்கை அவிழ்க்காதீர்கள். நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.

ஃபான் வேலைக்கும் பெயராகிவிடுவது இன்னொரு கதை. ‘ஃபான்வான்’, சோற்றுக் கிண்ணம், அதுதான் பிழைப்பு. வேலை போனால் கிண்ணம் போயிற்று. உடையாத அரசாங்க வேலை ‘தியெஃபான்வான்’, இரும்புக் கிண்ணம். கால் காசானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்பார்களே, அது. ஆங்கிலச் செய்தியாளர்கள் இதை ‘அயர்ன் ரைஸ் போல்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டதால் மாணவர் தைரியமாக எழுதலாம், சீனாவைப் பற்றிப் பேசும்வரை. வெறும் ‘ரைஸ் போல்’ வேறு. தஞ்சாவூரைத் தமிழ்நாட்டின் ரைஸ் போல் என்று ஆங்கிலத்தில் படித்த அக்கா, அங்கே எல்லோருக்கும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நெற்களஞ்சியம் என்று பொருள் சொன்னேன்.

மொழிபெயர்க்க முடியாமல் திணறிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷெங் மி ஜூ ச்செங் ஷூ ஃபான்’ என்று சீனத்தில் ஒரு வழக்கு. பெண்ணும் பையனும் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றால், அப்பா கத்தும்போது பெரியம்மா சொல்லும் சொல். தமிழில் அது வழுக்கிக்கொண்டு வரும்: அரிசி வெந்து சோறாகிவிட்டது, இனி என்ன செய்ய? அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றார். ‘தி ரைஸ் ஹாஸ் பிகம் ரைஸ்.’ அவரே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மி ஃபானாக மாறியதுதான் அந்த வழக்கின் உயிர். ஆங்கிலத்தில் ஒன்றுமே மாறவில்லை. ‘ரா’, ‘குக்ட்’ என்று அடைமொழி போட்டால் இலக்கணம் தேறும், பெரியம்மாவின் பெருமூச்சு போய்விடும். ‘வாட்ஸ் டன் இஸ் டன்’ என்று எழுதிக் கொடுத்தேன். இருவருக்கும் திருப்தியில்லை.

கடைசி வகுப்பில் ஒரு வாக்கியம் கொடுத்தேன். ‘அட் தி வெட்டிங், தே த்ரூ ரைஸ் அட் தி கப்பிள்.’ கல்யாணத்தில் மணமக்கள் மேல் ரைஸ் தூவினார்கள். இது தாவா, மியா, ஃபானா?

அக்கா வினையைத் தேடினார். எறிவது. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

‘மி’ என்றார். ‘ஃபானா இருந்தா மாப்பிள்ளை கோட்டை யார் துவைக்கிறது?’